சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு ரோமாபுரி வெயிலா?

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வடாம் பிழிகிறவர்கள் நாம். அக்னி நட்சத்திரத்தில் கல்யாணச் சத்திரத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தவர்களை வரவேற்கிறவர்கள். நமக்குப் போய் ஐரோப்பாவில் வெயிலா என்றுதான் யாருக்கும் தோன்றும். கோடையில் ரோமாபுரிக்குப் போகப் போகிறோம் என்று சொன்னால், "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகள் அயல்நாட்டில் வேலையாக இருக்கிற வீடுகளிலிருந்து தாத்தா பாட்டிகளும் இப்போது ஜூன், ஜூலையில் அந்தப் பக்கம் போய் வருகிறார்கள். அவர்களை அழைத்துப் போகிற மருமகள்களுக்காகத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

முதலில் சில கணக்கு. 2023 ஜூலை 18 அன்று ரோமாபுரியில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. அதற்கு இருபது வருஷம் முன்னால், 2003ஆம் ஆண்டுக் கோடையில், ஐரோப்பா முழுவதும் வெயிலின் கொடுமையால் இறந்தவர்கள் 70,000 பேருக்கு மேல். பிரான்ஸ் தேசத்தில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர். பெரும்பாலோர் வயதானவர்கள், பிள்ளைகள் விடுமுறைக்கு வெளியூர் போயிருக்க, மேல்மாடி வீடுகளில் தனியாக இருந்தவர்களும் அதில் நிறைய. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் அங்கே அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. இத்தாலியில் சுகாதார அமைச்சகமே கோடையில் 27 நகரங்களுக்கு வெயில் எச்சரிக்கை வெளியிடுகிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறம். சிவப்பு என்றால் வயதானவர்கள், குழந்தைகள் மட்டுமல்ல, திடகாத்திரமானவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நாள் என்று அர்த்தம். நாங்கள் போயிருந்த எட்டு நாளில் மூன்று நாள் சிவப்பு!

சரி, நம் ஊரிலும் நாற்பது டிகிரி பார்த்திருக்கிறோமே, அங்கே மட்டும் என்ன? நானும் போய் இறங்கும்வரை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டே நாளில் பதில் தெரிந்துவிட்டது. சென்னையில் நாற்பது டிகிரி அடிக்கிற நாளில் நாம் என்ன செய்கிறோம்? பதினொரு மணிக்குள் வெளிவேலையை முடித்து, வீட்டுக்குள் வந்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு மோரைக் குடித்துவிட்டுப் படுக்கிறோம். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வேறு வந்து கொஞ்சம் ஆற்றிவிடுகிறது. சுற்றிப் பார்க்கப் போனவர்கள் அப்படியா இருக்கிறோம்? "இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோம், ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது" என்று காலையிலிருந்து ராத்திரிவரை கல் தரையில் நடை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துவிடுகிறோம். நம் ஊரில் அந்த வெயிலில் அதில் பாதியாவது நடப்போமா?

அந்த ஊரே கல். வீடு கல், வீதி கல். பழைய தெருக்களில் கறுப்புக் கல்லைச் சதுரம் சதுரமாகப் பதித்திருக்கிறார்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் அது மூச்சு விடுகிறது. போதாததற்கு ஜூலையில் சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகிறது. நம் ஊரில் நாலு மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டது என்கிறோமே, அங்கே நாலு, ஐந்து மணிதான் வெயிலின் உச்சம்.

நாங்கள் டைபர் நதிக்கு அந்தப் பக்கம் ட்ராஸ்டேவரே என்ற பழைய பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஏசி உண்டு என்று போட்டிருந்தது உண்மைதான். இரண்டு படுக்கையறைக்கும் நடுவே இருந்த கூடத்தில் ஒன்றே ஒன்று! நான்காவது மாடி, அதற்கு மேல் ஓட்டுக்கூரை, லிஃப்ட் கிடையாது. ஆகவே வீடு பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: ஏசி எந்த அறையில், வீடு எந்த மாடியில், லிஃப்ட் உண்டா. "ஏசி உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது. சீலிங் ஃபேன் என்பதை அங்கே எல்லா வீட்டிலும் எதிர்பார்க்க முடியாது.

எதிர்வீட்டு மூதாட்டியைப் பார்த்துத்தான் ஒன்று கற்றுக்கொண்டேன். ரோமாபுரி வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே மரச் சட்டம் போட்ட கதவு இருக்கும், வெனிஷியன் கதவு மாதிரி. காலை எட்டு மணிக்கு வெயில் ஏறும் முன்பே அந்த அம்மாள் அத்தனை கதவையும் சாத்திவிடுவார். பகல் முழுவதும் வீடு இருட்டு. ராத்திரி எட்டரைக்கு மேல் எல்லாவற்றையும் விரியத் திறந்துவிடுவார். காற்று வரட்டும் என்று பகலில் ஜன்னலைத் திறந்து வைப்பது நம் பழக்கம். வெளியே உள்ளதைவிட உள்ளே குளுமையாக இருக்கும்வரை ஜன்னலைத் திறப்பது அனலை அழைத்து உட்கார வைப்பதுதான். வெயில் கண்ணாடியில் விழுந்த பிறகு உள்ளே திரை போடுவதைவிட, கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்துவிடுவது பலமடங்கு மேல். நாங்களும் மூன்றாம் நாளிலிருந்து அப்படியே செய்தோம். வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. நம் ஊர் அடுக்குமாடி வீடுகளிலும் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட்டால் இதே காரியம் நடக்கும்.

ஊரில் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜியானிக்கோலோ குன்றிலிருந்து ஒரு பீரங்கி வெடிக்கிறார்கள். எல்லாக் கோயில் மணியும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும் என்பதற்காக 1847இல் ஆரம்பித்த வழக்கமாம். 1904 முதல் அந்தக் குன்றிலிருந்து. குன்று எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். அந்தச் சத்தம் கேட்கும்போது நாம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவது, பன்னிரண்டுக்குள் திரும்புவது, சாப்பாடு, தூக்கம், மறுபடி ஆறு மணிக்கு மேல் வெளியே. "இப்படிப் பகல்லே தூங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று என் கணவர் முதலில் முணுமுணுத்தார். உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள், சின்னக் கடைகளும் பல கோயில்களும் மத்தியானம் சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள் என்று தெரிந்ததும் சமாதானமாகிவிட்டார்.

அதிகாலையில் போவதில் இன்னொரு லாபம். ட்ரெவி நீரூற்றைப் பகலில் பார்த்தால் தலைகள்தான் தெரியும். காலை ஏழுக்கு முன்னால் போனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது! 1732இல் தொடங்கி முப்பது வருஷம் கட்டிய நீரூற்று அது. அதற்கு வருகிற தண்ணீர் வழி கி.மு. 19இல் அக்ரிப்பா என்பவர் வெட்டியது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வாய்க்கால்! ஆசையாக இருக்கிறதே என்று காலை மட்டும் நனைத்துவிடாதீர்கள். நீரூற்றில் இறங்கினால் கடுமையான அபராதம். அதே போல ஸ்பானியப் படிக்கட்டு என்று ஒரு பிரபலமான படி. அப்பாடா என்று அதில் உட்காரவும் 2019 முதல் தடை. படியில் உட்காரக் கூடாது என்றால் அது என்ன படியோ!

இனி தண்ணீர் விஷயம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ரோமாபுரியில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. தெருவுக்குத் தெரு இடுப்பு உயரத்துக்கு மேலே ஒரு வார்ப்பிரும்புத் தூண். அதிலிருந்து யானைத் துதிக்கை போல வளைந்த குழாயில் ராப்பகலாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். 'நாஸோனே' என்று பெயர். பெரிய மூக்கு என்று அர்த்தம். 1874இல் முதன்முதலாக வைத்தார்கள். இன்றைக்கு ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. சில்லென்று, சுத்தமான குடிதண்ணீர், காசு கிடையாது. குழாயின் மேல் பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கீழே விரலால் அடைத்தால் மேலே பீய்ச்சி அடிக்கும், வாயைக் காட்டிக் குடிக்கலாம். என் சின்னவனுக்கு, நாலு வயது, ரோமாபுரி என்றால் இன்றைக்கும் அந்த மூக்குதான். பாட்டில் தண்ணீர் வாங்கிக் காசைக் கரைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது.

இவ்வளவு தண்ணீர் இருந்தும் மூன்றாம் நாள் என் மாமியாருக்கு வந்ததைக் கேளுங்கள். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. நடக்கச் சளைக்காதவர். காலை எட்டரைக்கு ஃபோரத்துக்குள் நுழைந்தோம். பழைய ரோமாபுரியின் கடைவீதி, கோர்ட்டு, கோயில் எல்லாம் இருந்த இடம். இப்போது தூண்களும் இடிந்த சுவர்களும்தான். நிழல் என்று பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றும். பத்தரை மணி இருக்கும். பெரியவள்தான் முதலில் கவனித்தாள். "அம்மா, பாட்டி ரொம்ப நேரமா ஒண்ணுமே பேசலை" என்றாள். அத்தை பேசாமல் வருகிறார் என்றால் அது சாதாரண விஷயமில்லை! திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. கையைப் பிடித்தால் சில்லென்று ஈரம். "தலை சுத்தற மாதிரி இருக்கும்மா, ஒண்ணுமில்லை, நீங்க போங்க" என்கிறார்.

ஒரு சுவரோரம் நிழலில் உட்கார வைத்து, காலைச் சற்று உயர்த்தி, புடவைக் கொசுவத்தையும் ரவிக்கைக் கொக்கியையும் தளர்த்தினேன். இவர் ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரில் இரண்டு துண்டை நனைத்து வந்தார். கழுத்து, அக்குள், கை எல்லாம் ஒத்தி ஒத்தி எடுத்து, பெரியவள் கையிலிருந்த வரைபடத்தால் விசிறினோம். ஊரிலிருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். ஒரு லிட்டர் பாட்டிலில் கலந்து, வாய் வாயாகக் கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் முகத்தில் ரத்தம் ஓடியது. "ஏம்மா, குழந்தைக்குத் தொப்பி போட்டியா?" என்று கேட்டார். எனக்கும் உயிர் வந்தது.

அப்புறம்தான் மெதுவாகக் கேட்டேன். "அத்தை, காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இவர் காதில் விழாதபடி சொன்னார். "பாத்ரூம் எங்கே இருக்குன்னே தெரியாத ஊர்லே எப்படிம்மா தண்ணி குடிக்கறது? மூணு நாளா வெளியிலே வந்தா வாயை நனைச்சுக்கிட்டுத் துப்பிடறேன்."

சொல்லுங்கள், இது அத்தை ஒருவரின் கதையா? நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் செய்கிற காரியம்தானே? பஸ்ஸில் திருச்சிக்குப் போவதென்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரைக் குறைக்கிறோம். கல்யாண வீட்டில் காப்பியோடு நிறுத்திக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்துக் கழிப்பறை சரியில்லை என்று பெண் குழந்தைகள் கொண்டுபோன தண்ணீரை அப்படியே திருப்பிக் கொண்டு வருகிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கு இந்தக் கவலை இல்லாததால் அவர்களுக்குத் தோன்றுவதும் இல்லை. "குடிங்கம்மா, குடிங்கம்மா" என்று இவர் நாளைக்குப் பத்து முறை பாட்டிலை நீட்டினார், பாவம். குடித்த தண்ணீர் அடுத்து எங்கே போகும் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. இதனால் சிறுநீர்த்தாரையில் எரிச்சல், கிருமித் தொற்று, மலச்சிக்கல் என்று வருகிறவை தனி. வெயிலில் இது சேர்ந்தால் ஆபத்தே வந்துவிடும்.

அத்தைக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையும் உண்டு. அதில் நீர் பிரிவதற்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. ரத்தக் கொதிப்பு, இருதயம், கால் வீக்கம் இவற்றுக்குத் தரும் மாத்திரைகளில் சில, உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் வெளியே தள்ளும். வெளியே வியர்வையாகவும் போய், உள்ளே தண்ணீரும் போகாமல் இருந்தால் உடம்பு என்ன செய்யும்? வயதானால் தாக உணர்ச்சியே குறைந்துவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே கோடையில் பயணம் என்றால் புறப்படும் முன்பே மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரைப் பார்த்து, "அங்கே இவ்வளவு வெயில், இவ்வளவு நடை, அளவு மாற்ற வேண்டுமா? எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். நாமாக மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ கூடவே கூடாது. இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தண்ணீரே அளவாகத்தான் தரவேண்டியிருக்கும். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் பெரியவளுக்கு ஒரு பதவி கொடுத்தோம். பாத்ரூம் மந்திரி! பதினோரு வயதுப் பெண். ஒவ்வொரு நாளும் போகிற வழியில் எங்கெங்கே கழிப்பறை என்று முதல் நாளே பார்த்து வரைபடத்தில் குறித்து வைப்பது அவள் வேலை. அது ஒன்றும் கஷ்டமில்லை. டிக்கெட் வாங்கிப் போகிற மியூசியம், பெரிய இடிபாடுகள் எல்லாவற்றிலும் உள்ளே இருக்கிறது. வெளியே வரும் முன் எல்லாரும் ஒருமுறை போய் வந்துவிடுவது சட்டம். தெருவில் என்றால் 'பார்' என்று போர்டு போட்ட கடைகள் மூலைக்கு மூலை. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அது காப்பிக்கடைதான். மேஜையில் உட்காராமல் நின்றபடி ஒரு காப்பி குடித்தால் விலை குறைவு. குடித்துவிட்டு "பாஞ்ஞோ?" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள், சில இடத்தில் சாவி கொடுப்பார்கள். கட்டணக் கழிப்பறைக்கென்று ஒரு சின்னப் பையில் சில்லறை யூரோவும், கொஞ்சம் காகிதமும், சின்ன சோப்பும் போட்டு அத்தை கையிலேயே கொடுத்துவிட்டேன். யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம் பாருங்கள். அதற்குப் பிறகு நாஸோனேயைக் கண்டால் சின்னவனுக்கு முன்னால் அத்தைதான் போய் நிற்பார்!

எவ்வளவு குடிப்பது என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு: சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக, எண்ணெய் நிறத்தில் போனால் போதவில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது, குழந்தைகளுக்குக் கெடுதல்.

அத்தைக்கு வந்தது வெயில் அயர்ச்சி. நிறைய வியர்வை, தலைசுற்றல், தலைவலி, குமட்டல், கால் குரக்களி இவைதான் அதன் அடையாளம். நிழல், ஈரத்துணி, ஓய்வு, தண்ணீர் என்று கவனித்தால் அரை மணிக்குள் தெளிந்துவிட வேண்டும். தெளியவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் ஏதாவது உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்ப வாதம். அது உயிருக்கு ஆபத்து. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112 என்ற ஒரே எண்தான். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, கிடைத்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. வியர்வை நின்றால்தான் வெப்ப வாதம் என்று பலர் நினைக்கிறார்கள். வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரலாம்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிள்ளை வண்டியில் வெயில் படாமலிருக்கட்டும் என்று மேலே துப்பட்டாவையோ போர்வையையோ போட்டு மூடுகிறோமே, அது வேண்டாம். உள்ளே காற்றோட்டம் நின்று வெளியே உள்ளதைவிடச் சூடேறிவிடும். குடை பொருத்திக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை; தாய்ப்பால் அடிக்கடி கொடுத்தால் போதும், அம்மா நிறையக் குடிக்க வேண்டும். வேர்க்குருவுக்குக் குளிர்ந்த நீரில் துடைத்துக் காற்றாட விடுங்கள். பவுடரை அப்பினால் வியர்வைத் துளையை இன்னும் அடைக்கும். அந்தக் கறுப்புக் கல் தெருக்களில் சின்னச் சக்கர வண்டி தடுக்கித் தடுக்கி நிற்கும். தோளில் கட்டித் தூக்கும் பருத்தித் துணி இருந்தால் சௌகரியம்.

வெயில் வேளையில் எங்கேதான் போவது என்றால், ரோமாபுரிக் கோயில்களைப் போலக் குளுமையான இடம் கிடையாது. கனத்த சுவர், உயர்ந்த கூரை. பாந்தியான் என்ற வட்டக் கோயிலின் சுவர் ஆறு மீட்டர் கனம்! கி.பி. 125 வாக்கில் கட்டி முடித்தது. கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரை. உயரமும் அகலமும் ஒன்றுபோல 43 மீட்டர் சொச்சம். உச்சியில் மூடாத வட்டத் துவாரம். மழை பெய்தால் உள்ளே விழும், வடிய தரையில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் துவாரத்தின் வழியே விழும் வெளிச்ச வட்டம் சுவரில் நகர்ந்துகொண்டே போவதைச் சின்னவன் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். 2023 ஜூலையிலிருந்து உள்ளே போகக் கட்டணம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஸான் க்ளெமெண்டே. கொலோஸியத்திலிருந்து ஐந்தாறு நிமிஷ நடைதான். மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில். படியிறங்கினால் அதற்கடியில் நான்காம் நூற்றாண்டுக் கோயில். இன்னும் கீழே இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடம், அதற்குள் மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டுக் குகை. இறங்க இறங்கச் சில்லென்று ஆகிவிடுகிறது. அடியில் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அத்தை ஒரு கல்லில் சாய்ந்துகொண்டு, "இங்கேயே ஒரு பாயைப் போட்டுப் படுத்துடலாம் போலிருக்கு" என்றார்.

கொலோஸியத்துக்கு மட்டும் பகல் வேளையில் போகாதீர்கள். கி.பி. 80இல் திறந்து வைத்தபோது அதற்கு மேலே பிரம்மாண்டமான துணிப்பந்தல் உண்டு. அதைக் கயிறு கட்டி இழுத்து விரிப்பதற்கென்றே கப்பற்படை மாலுமிகளை வைத்திருந்தார்களாம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிழலில் உட்கார வேண்டும் என்று அந்தக் காலத்து ராஜாவுக்கே தெரிந்திருக்கிறது. இப்போது பந்தல் இல்லை. உள்ளே கல் அடுப்புதான். காலை முதல் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சாயங்காலத்துக்கு வில்லா போர்கேஸே தோட்டம் இருக்கிறது. 80 ஹெக்டேர். குடை விரித்தாற்போன்ற பைன் மரங்கள், ஏரியில் படகு. குழந்தைகளுக்கு வேறென்ன வேண்டும்?

உடை விஷயத்தில் நமக்குக் கவலையே இல்லை. வாத்திகனிலும் கோயில்களிலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெயிலுக்காகக் கையில்லாத சட்டையும் அரைக்கால் சட்டையும் போட்டு வந்த வெள்ளைக்காரப் பெண்கள் வாசலில் சால்வை தேடிக்கொண்டு நிற்கிறார்கள். சுங்குடிப் புடவையும் பருத்திச் சல்வாரும் நேரே உள்ளே போகலாம். நைலக்ஸ், பாலியெஸ்டர் மட்டும் வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது. அத்தை கொண்டுவந்த கறுப்புக் குடையைப் பார்த்து "இங்கெல்லாம் யாரும் வெயிலுக்குக் குடை பிடிக்க மாட்டாங்கம்மா" என்று இவர் கூச்சப்பட்டார். ஃபோரத்துக்கு மறுநாள் அந்தக் குடைக்கு அடியில் இவரும் தலையை நுழைத்ததை நான் பார்த்தேன்.

சாப்பாட்டுக்கு நாங்கள் அரிசி, ஊறுகாய் மட்டும் கொண்டு போனோம். சூப்பர் மார்க்கெட்டில் இனிப்பில்லாத வெள்ளைத் தயிர் கிடைக்கிறது. தண்ணீர் விட்டு அடித்து, உப்பும் இஞ்சியும் போட்டால் நம் நீர்மோர்தான். தர்பூசணியும் பீச் பழமும் மலிவு. வெளியே சைவம் என்றால் நீளமாகச் சுட்டு, வெட்டி, எடை போட்டுத் தரும் பீட்ஸா; உருளைக்கிழங்கு போட்டது நன்றாக இருக்கும். கண்டிப்பான சைவர்கள் கவனிக்க: பார்மஸான் சீஸ் கன்றுக்குட்டி வயிற்றுப் புளிப்பொருள் சேர்த்து உறைய வைப்பது. 'ஜெலாட்டோ' என்கிற ஐஸ்க்ரீமில், பளீர்ப் பச்சையாகக் கோபுரம் மாதிரி குவித்து வைத்திருக்கும் பிஸ்தாவை நான் வாங்குவதில்லை. நல்ல பிஸ்தா மங்கலான பச்சையாகத்தான் இருக்கும். நதியோரப் பெட்டிக்கடைகளில் பாளம் ஐஸைச் சீவி, மேலே பழச்சாறு ஊற்றி 'க்ராத்தாகெக்கா' என்று தருகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு, கல்லெல்லாம் கொஞ்சம் ஆறின பிறகு, எலுமிச்சைச் சாறு ஊற்றியதைச் சாப்பிட்டுக்கொண்டு பாலத்தில் நின்றால் மேற்கிலிருந்து மெல்லிய காற்று வரும்.

ஷெங்கன் விசாவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுத்தே ஆக வேண்டும். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் தொகையை மட்டும் பார்க்காமல், முன்பே இருக்கும் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதிக்கும் அது பணம் தருமா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர்கள் அதை வெயிலில் அலையும் கைப்பையில் வைக்கக் கூடாது. குளிர்ப்பை ஒன்று தேவை. மருந்துக்கடை வாசலில் பச்சைச் சிலுவை எரியும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் போகிறவர்களாக இருந்தால், அன்று அங்கே ஃபெர்ராகோஸ்டோ என்று பெரிய விடுமுறை, பாதிக் கடை சாத்தியிருக்கும். அப்போதும் முறை வைத்துச் சில மருந்துக்கடைகளைத் திறந்து வைப்பார்கள். எது திறந்திருக்கும் என்று சாத்தின கடையின் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கும்.